பார்சல் கட்டத் தெரிந்தவன்

பார்சல் கட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு சார். கிண்டி தொழிற்பேட்டையில் பம்ப் உதிரி பாகங்கள் தயாரிக்கிற ஒரு கம்பெனியில், டெஸ்பாட்ச் செக்‌ஷனில் எட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். நான் கட்டின பெட்டி லாரியில் குலுங்கிக் குலுங்கி கௌஹாத்தி போய் இறங்கினாலும், உள்ளே ஒரு வாஷர்கூட இடம் மாறியிருக்காது. எங்கள் செக்‌ஷனுக்கு ஒரே ஒரு வேதவாக்கியம்தான். 'உள்ளே இருக்கிற சரக்கு ஆடக்கூடாது!'

அந்த வேதவாக்கியத்தை வைத்துக்கொண்டு, பெற்ற பெண்ணை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், ஆகப் போகிறவர்கள், 'நமக்கெங்கே சார் ஆகப்போகுது' என்று பெருமூச்சு விடுகிறவர்கள், எல்லோரும் படிக்கலாம்.

கார்த்திகை மாசக் கடைசியில் பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் மன்னார்குடியில், மாமனார் ஊரில். போன் வந்த அன்று ராத்திரியே எழும்பூரில் மன்னை எக்ஸ்பிரஸ்ஸைப் பிடித்தேன். ரிசர்வேஷன் கிடையாது. பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டே அப்பாவாகப் பிரயாணம் செய்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். மூட்டைக்கு முகம் இருந்தது.

துணி என்ன துணி என்கிறீர்கள்? என் அப்பாவின் வேட்டி. ஒரு மாதத்துக்கு முன்பே மாமியார் போனில் உத்தரவு போட்டிருந்தார்.

"மாப்பிள்ளை, உங்க அப்பா கட்டின பழைய வேட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. பெரியவங்க கட்டி நைஞ்ச துணின்னா உடம்புக்கு மெத்துனு இருக்கும். அவங்க ஆயுசும் பிள்ளைக்கு ஒட்டிக்கும்."

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. பீரோ மேல்தட்டில் அவருடைய நாலு முழ வேட்டி இரண்டு இருந்தன. நூறு தடவை துவைத்து, நாலு ஓரமும் பஞ்சு மாதிரி ஆகிவிட்ட வேட்டிகள். எதற்கு வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. வளைகாப்புக்குப் போனபோது கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அதற்குள்ளிருந்து ஒரு மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது. அப்பாவின் மூக்கு. அதைப் பற்றி இங்கே எழுதினால் நான் அழுவேன், எடிட்டர் வெட்டுவார். விட்டுவிடலாம்.

நர்ஸம்மா கட்டின அழகைச் சொல்ல வேண்டும். துணியைக் கட்டிலில் குறுக்காக விரித்தார். மேல் மூலையை ஒரு மடிப்பு மடித்து, மடிப்புக்கு நேராகக் குழந்தையின் தோள்பட்டை வருகிற மாதிரி மல்லாக்கப் படுக்க வைத்தார். ஒரு பக்கத் துணியை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து முதுகுக்கு அடியில் செருகினார். கீழ் மூலையை மேலே கொண்டுவந்தார். மறுபக்கத்தைச் சுற்றினார். முடிந்தது! பத்து விநாடிகூட ஆகியிருக்காது. வீலென்று கத்திக்கொண்டிருந்தவள் சுவிட்சை அணைத்த மாதிரி தூங்கிப் போனாள்.

நான் அசந்துபோய்விட்டேன். எட்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பேக்கிங்கை நான் பார்த்ததில்லை.

"சிஸ்டர், எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

"நெஞ்சுல ரெண்டு மூணு விரல் உள்ளே போற மாதிரி இருக்கணும் சார். இடுப்புக்குக் கீழே லூசா விட்டுடணும்."

முதல் வாக்கியம் காதில் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. தொழில் கர்வம் காதை அடைத்திருந்தது.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் தூங்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எந்தப் பதினாறு என்று யாரும் சொல்லவில்லை. சுற்றாமல் படுக்க வைத்தால் எண்ணி இருபது நிமிஷம். சமையலறையில் ஒரு தட்டு விழுந்தால் போதும், தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமினால் போதும், இரண்டு கைகளையும் அகல விரித்து, கிரிக்கெட்டில் அம்பயர் 'வைடு' காட்டுவாரே, அது மாதிரி காட்டிவிட்டு அலற ஆரம்பிப்பாள். சில சமயம் சத்தமே வேண்டாம். கையிலிருந்து படுக்கையில் இறக்கும்போதே 'வைடு'தான்.

"தூக்கிவாரிப் போடுது பாருங்க," என்பார் மாமியார்.

எவ்வளவு பொருத்தமான வார்த்தை! கீழே விழுகிற மாதிரி ஓர் உணர்ச்சி வந்து கை தானாக விரிகிறது. எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுகிற மாதிரி மறுபடி மடங்குகிறது. எர்ன்ஸ்ட் மோரோ என்கிற குழந்தை வைத்தியர் 1918-ல் இதை விவரித்து எழுதினாராம். அதனால் 'மோரோ ரிஃப்ளெக்ஸ்' என்று பெயர். நம் பாட்டிமார்கள் அதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள், பேப்பரில் எழுதாததால் பெயர் கிடைக்கவில்லை. நாலு மாச வாக்கில் தானாகவே மறைந்து போகிற விஷயம்தான் இது. அதுவரைக்கும் கையைத் துணிக்குள் அடக்கி வைத்தால், தன் கையே தன்னை எழுப்புகிற தொல்லை குழந்தைக்கு இல்லை. வயிற்றுக்குள் கடைசி மாதங்களில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த பழக்கம் வேறு. சுற்றினால் தூங்குவதன் ரகசியம் இவ்வளவுதான்.

கம்பெனியில் கொடுத்த லீவு மூன்று நாள். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் ரயில், ஞாயிறு ராத்திரி ரயில். அந்த இரண்டு நாளும் 'கட்டுமானப் பணி' என்னுடையது என்று அறிவித்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் எனக்குப் பெரிய ஆதரவு.

"காலை நல்லா நீட்டி இறுக்கிக் கட்டு தம்பி. இல்லேன்னா வளைஞ்ச கால் வளைஞ்சபடியே நின்னுடும்."

சரக்கு ஆடக்கூடாது என்கிற என் சித்தாந்தத்துக்கு இதைவிடப் பலமான சாட்சி வேண்டுமா? இரண்டு காலையும் ஜோடி சேர்த்து நீட்டி, பம்ப் ஷாஃப்ட்டைக் கட்டுகிற மாதிரி கட்டினேன். குழந்தை ஒரு முருங்கைக்காய் சைஸுக்கு நேராக வந்தது. போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன். 'சூப்பர் பேக்கிங் ஜி, ஃப்ராஜைல் ஸ்டிக்கர் எங்கே?' என்று பதில் வந்தது.

மாமியார் மட்டும் பக்கத்தில் நின்று கையைப் பிசைவார். "மாப்பிள்ளை... கால்ல கொஞ்சம் தளர்த்தி..." என்று ஆரம்பிப்பார். நான் நிமிர்ந்து பார்த்ததும், "இல்லை, காபி ஆறிடப் போகுதேன்னு சொன்னேன்," என்று முடித்துவிடுவார்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை, ஆறு வாரத் தடுப்பூசி. டாக்டரம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். மேஜையில் கிடத்தின மூட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

"இதை யார் கட்டினது?"

"நான்தான் டாக்டர்," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"டெஸ்பாட்ச் டிபார்ட்மென்ட்."

"நினைச்சேன்."

துணியை அவிழ்த்தார். விடுதலையான கால்கள் அந்த நிமிஷமே முட்டியை மடக்கி, தவளை மாதிரி இரண்டு பக்கமும் அகண்டு விழுந்தன. "பார்த்தீங்களா? இதுதான் அதோட இடம். நீங்க ஏன் நீட்டறீங்க?" என்றார்.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து மாதிரியாம். பச்சைக் குழந்தைக்கு அந்தக் கிண்ணம் இன்னும் முழுசாக எலும்பாகியிருக்காது, பெரும்பகுதி குருத்தெலும்புதான். காலை மடக்கி அகட்டி வைத்திருந்தால் பந்து கிண்ணத்தின் நடுவில் உட்காரும், கிண்ணமும் ஆழமாக வளரும். நீட்டி, சேர்த்து, இறுக்கிக் கட்டினால் பந்து விளிம்புக்கு வரும். நழுவவும் நழுவலாம். வலி இருக்காது, அழாது, வெளியில் தெரியாது. பிள்ளை நடக்க ஆரம்பித்து விந்தி விந்திப் போகும்போதுதான் தெரியும்.

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தொடையாகப் பிடித்து மடக்கி, அகட்டி, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு விரலால் எதையோ தேடினார். அரை நிமிஷம் இருக்கும். அறையில் ஃபேன் சத்தம் தவிர ஒன்றுமில்லை. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"ரெண்டும் நல்லாருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஆறு வாரமா இப்படியா கட்டறீங்க?"

அப்போதுதான் மாமியார் வாயைத் திறந்தார். "இல்லைங்க டாக்டரம்மா. மாப்பிள்ளை கட்டிட்டு அந்தாண்ட போனதும் நான் அவிழ்த்து, காலைத் தளர்த்தி, மறுபடி கட்டிடுவேன். வாரத்துல ரெண்டு நாள்தானே வர்றாங்க, மனசு கஷ்டப்படுவாங்கன்னு சொல்லலை. இன்னிக்குக் கிளம்பற அவசரத்துல விட்டுப்போச்சு."

மாப்பிள்ளை மரியாதை என்பது எவ்வளவு ஆபத்தான சமாசாரம் பாருங்கள்!

பிற்பாடு தேடிப் படித்தேன். ஜப்பானில் ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு இடுப்பு நழுவல் அதிகமாம். காலை நீட்டிக் கட்டுகிற வழக்கத்தை விடச் சொல்லி 1975-லிருந்து நாடு முழுக்கப் பிரசாரம் செய்திருக்கிறார்கள். நழுவல் மளமளவென்று குறைந்துவிட்டது. நம் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்கிறார்களே, கால் இரண்டும் அகட்டி, மடங்கி, அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்றாக... அந்த நிலை இடுப்பு மூட்டுக்கு நல்லதாம். பக்கத்து வீட்டுப் பாட்டியும் எட்டுப் பிள்ளைகளை அப்படி இடுப்பில் சுமந்தவர்தான். வாயால் சொன்னது ஒன்று, வாழ்க்கையில் செய்தது வேறு!

டாக்டரம்மா அன்றைக்கு விடவில்லை. என்னையே கட்டச் சொன்னார். மூன்று தடவை கட்டி மூன்று தடவை அவிழ்த்தேன். மேலே கைப்பக்கம் படிந்து நிற்கணும், நெஞ்சில் மூச்சு வாங்க இடம் வேணும், அதாவது அந்த இரண்டு மூன்று விரல். கீழே பை மாதிரி தொளதொளவென்று, உள்ளே காலை உதைத்து விளையாடுகிற அளவுக்கு இடம். துணி தோளுக்கு மேலே ஏறக்கூடாது. மேலே தொளதொளவென்று விட்டாலும் ஆபத்துதான், அவிழ்ந்து மூக்கை மூடும். தலைக்குத் துணி போடாதே. பால் குடிக்கும்போது அவிழ்த்துவிடு, பசித்த குழந்தை கையை வாயில் வைத்துத்தான் சொல்லும், கையைக் கட்டிப் போட்டால் எப்படிச் சொல்லும்? சுற்றின குழந்தையைத் தூளியில் போடாதே, வளைந்து கிடந்தால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சு முட்டும். உங்கள் நடுவிலும் போட்டுக்கொள்ளாதே. தலையணை, பொம்மை, மெத்துமெத்தென்ற மெத்தை எதுவும் வேண்டாம். கெட்டியான, சமமான படுக்கை. எப்போதும் மல்லாக்கத்தான்.

"மல்லாக்கப் போட்டா பால் கக்கிப் புரையேறாதா டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள்.

ஏறாது என்றார். உலகமே முன்னால் அப்படித்தான் பயந்து, குப்புறப் போட்டு வளர்த்ததாம். அமெரிக்காவில் 1992-ல் குழந்தை மருத்துவர் சங்கம் குப்புறப் போடாதீர்கள் என்று சொல்லி, 1994-ல் அதையே பெரிய இயக்கமாக நடத்தினார்கள். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகிற குழந்தைகளின் எண்ணிக்கை அடுத்த சில வருஷங்களில் சுமார் பாதியாகக் குறைந்தது.

கிளம்பும்போது, வாசல் வரைக்கும் வந்து சொன்னார். "புரளப் பார்க்குதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே சுத்தறதை நிறுத்திடணும். அன்னிக்கே! கை கட்டியிருக்கும்போது குப்புற விழுந்தா அதால தலையைத் தூக்கி எழ முடியாது. சிலது மூணு மாசத்துலயே ஆரம்பிச்சுடும். காலண்டரைப் பார்க்காதீங்க, பிள்ளையைப் பாருங்க."

இந்தத் தடவை எல்லா வாக்கியமும் காதில் விழுந்தது. விழுந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு எதிரான சாட்சி.

மூன்றாம் மாசம், ஐந்தாம் மாசம் என்று நல்ல நாள் பார்த்து அழைத்துவருவதாகத்தான் ஏற்பாடு. ஜனவரிக் கடைசியில் மாமனார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மாமியார் ஒருத்தர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? என் அம்மா அண்ணன் வீட்டில், கோயமுத்தூரில், முழங்கால் வலியோடு. ஆக, ஐம்பத்தைந்தாம் நாள் நாங்கள் மூன்று பேரும் மடிப்பாக்கம் வந்து சேர்ந்தோம். பெரியவர்கள் இல்லாத வீடு. தூளி கட்டலாமா என்ற சபலத்துக்குக்கூட வழியில்லை, கூரையில் ஃபேன் கொக்கியைத் தவிர வேறு கொக்கி கிடையாது. ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் அக்ரிமென்ட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

ஆபீஸில் நான் தூங்கிய இடங்களைப் பட்டியல் போட்டால் என் அப்ரைசல் கெட்டுப்போகும். ஸ்டோர் ரூமில் நின்றபடியே தூங்கியிருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்களைக் காப்பாற்றியது அப்பாவின் வேட்டிதான். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த கட்டு. மேலே படிவு, கீழே பை. ராத்திரி பத்து மணிக்குச் சுற்றி, மல்லாக்கப் போட்டால் இரண்டு மணி வரைக்கும் அசைய மாட்டாள். நாலு மணி நேரம்! பிப்ரவரியில் எங்கள் வீட்டில் நாலு மணி நேரத் தூக்கம் என்பது, தீபாவளி போனஸ் இரட்டிப்பாக வந்த மாதிரி. அக்கவுன்ட்ஸில் இருக்கிற ஒரு சீனியர், அமெரிக்காவிலிருந்து அவர் தம்பி அனுப்பினது என்று, உள்ளே எடை வைத்துத் தைத்த ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். 'அம்மா கை மாதிரி அழுத்துமாம்.' டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். குழந்தை நெஞ்சில் எடையா என்று அவர் போட்ட சத்தம் பக்கத்து மேஜைக்குக் கேட்டது. அமெரிக்க சங்கமே 2022-ல் வேண்டாம் என்று சொன்ன விஷயமாம். திருப்பிக் கொடுத்துவிட்டேன். நமக்கு வேட்டி இருக்கிறது.

மார்ச் வந்தது. சென்னை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிடரியிலும் நெஞ்சிலும் கை வைத்துப் பார்ப்போம். கசகசவென்று வேர்த்திருந்தால் உள்சட்டையைக் கழற்றிவிட்டு, ஒற்றை வேட்டி மட்டும். அதற்கும் மேலே வேர்க்குரு வந்தது. இனி எத்தனை நாள் சுற்ற முடியும் என்று மனசில் ஓடியது. ஆனால் மார்ச் என்றால் எங்களுக்கு வெயில் இல்லை சார், இயர் எண்டிங்! முப்பத்தொன்றாம் தேதிக்குள் சரக்கு கேட்டைத் தாண்டியாக வேண்டும். வீட்டுக்கு வர பதினொன்று, பன்னிரண்டு.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கை கால் விடுதலையாக விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று ஒருக்களித்தாள்.

"என்னங்க, இங்க வாங்களேன்! திரும்பறா பாருங்க!"

வீடியோ எடுத்தேன். குடும்ப குரூப்பில் போட்டேன். குப்புற விழுந்ததும் என்ன பலகாரம் செய்ய வேண்டும் என்பதில் என் அம்மாவுக்கும் மாமியாருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, சாயங்காலம் வரை ஓடியது. ராத்திரி வேட்டியை விரிக்கும்போது என் மனைவி தயங்கினாள்.

"இன்னிலேருந்து வேணாம்னுதானே டாக்டர் சொன்னாங்க?"

"ஒருக்களிச்சாத்தானே? முழுசா எங்கே புரண்டா? முப்பத்தொண்ணு முடியட்டும்மா. பத்து நாள்."

அவளும் இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்காதவள். ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் தேதி. வீட்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டே கால். இரண்டு மணிக்குக் குழந்தை எழுந்து பால் குடித்தது. மனைவியைத் தூங்கச் சொல்லிவிட்டு நானே சுற்றினேன். நல்ல கட்டு, கை இம்மிகூட வெளியே வராது. மல்லாக்கத்தான் போட்டேன். போட்டதும் விழுந்தேன், அவ்வளவுதான் தெரியும்.

கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்று, கொசு காதில் பாடி, வேர்வையில் விழித்தேன். மூன்றே முக்கால். குழந்தைக்கு வேர்க்குமே என்று செல்போன் டார்ச்சை அடித்தேன்.

முகம் தெரியவில்லை. பின்மண்டை தெரிந்தது.

வேட்டி முதுகில் ஒரு மடிப்புக் கலையாமல் இருந்தது. அவ்வளவு நல்ல கட்டு. உள்ளே தோள் மட்டும் மெதுவாக, எதையோ தள்ளப் பார்க்கிற மாதிரி, அசைந்தது. சத்தம் இல்லை. அழக்கூட இல்லை சார். நான் திருப்பினேன். மூக்கும் கன்னமும் விரிப்பின் மடிப்பு பதிந்து, சிவந்து, ஈரமாக இருந்தது. ஒரு விநாடி... நீளமான விநாடி அது. பிறகு ஒரு பெரிய மூச்சை இழுத்து, வீலென்றாள்.

அதற்கு முன்னால் நான் அவள் அழுகையைச் சபித்திருக்கிறேன். ஆபீஸில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"என்னாச்சுங்க?" என்றாள் மனைவி இருட்டில்.

"கரண்ட் போயிடுச்சு," என்றேன்.

துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடந்தேன். கரண்ட் வந்த பிறகும் நடந்தேன். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றினால் சுலபமாக விழிக்காமல் தூங்கும். நாங்கள் அனுபவித்த லாபம் அதுதான். மூச்சுக்குத் திண்டாட்டம் வந்தாலும் சுலபமாக விழிக்காது. அதுவும் அதே தூக்கம்தான். கரண்ட் போகாமல் இருந்திருந்தால்? மின்சார வாரியத்தை வாழ்த்தினவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காலையில் பக்கத்தில் இருக்கிற குழந்தை டாக்டரிடம் காட்டினோம். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றார். 'கொஞ்சம் குப்புற விழுந்துட்டா, அதான்' என்று அங்கே பூசி மெழுகினேன். வீட்டுக்கு வந்து ஷூ மாட்டும்போதுதான் மனைவியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கரண்ட் கதையையும் சேர்த்து.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்க் கொடியிலிருந்து இரண்டு வேட்டியையும் எடுத்தாள். ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு இழு. பழைய துணி என்ன சத்தம் போடுமோ அந்தச் சத்தம். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. எட்டுத் துண்டு.

"அப்பா வேட்டி..." என்றேன்.

"உங்க அப்பா இருந்திருந்தா அவரே கிழிச்சிருப்பார்," என்றாள்.

அந்த எட்டுத் துண்டும் இப்போது குழந்தைக்கு வாய் துடைக்கவும், கால் கழுவினால் துடைக்கவும் ஆகின்றன.

சுற்றாத முதல் நாலு ராத்திரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூங்கவில்லை. அவளும், நாங்களும். முறை போட்டு உட்கார்ந்தோம். மல்லாக்கப் போட்டு, நெஞ்சில் உள்ளங்கையை லேசாக வைத்திருந்தால் கொஞ்ச நேரம் அடங்குவாள். கையை எடுத்தால் கண்ணைத் திறப்பாள். தூக்கிவாரிப் போடுவது ஏறக்குறைய நின்றிருந்தது, பழக்கம்தான் பாக்கி. விடுதலையான கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் மூக்கிலேயே குத்திக்கொண்டாள். என் மூக்கிலும். ஐந்தாம் ராத்திரி அந்தக் கையின் கட்டை விரலைக் கண்டுபிடித்து வாயில் போட்டுக்கொண்டு, ஐந்து மணி நேரம் தூங்கினாள்.

இதற்கு நடுவில்தான் முப்பத்தொன்றாம் தேதி வந்து போயிருந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரம் மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் கௌஹாத்தியிலிருந்து வந்த புகார்க் கடிதம்.

"என்னய்யா இது? எட்டு வருஷத்துல உன் பேர்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்லை. பெட்டியைப் பிரிச்சா உள்ளே சரக்கெல்லாம் லூசா ஆடுதாம்!"

தூக்கக் கலக்கம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஆடட்டும் சார். ஆடினாத்தான் இடுப்புக்கு நல்லது."

மெமோவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.